குரல் கொடுக்கும் நாள்

பல்செட் செய்யும் அந்தக் கூடத்தில் மெருகு போடும் மோட்டார் ஒன்று இருந்தது. அதற்கு ஒரே ஒரு சுருதிதான் தெரியும், ஆனால் அந்த ஒன்றை நாள் முழுக்கப் பிசகாமல் பிடிக்கும். மோட்டார் ஓடும்போதெல்லாம், அங்கே வேலை செய்யும் அவளும் கூடவே முனகுவாள். மேலே போவது போலக் கிளம்பி, போகாமல் நின்று, ஒரு படி இறங்கி, அங்கேயே நெடுநேரம் நிற்கிற ஒரு முனகல். வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதும் அதே முனகல்தான். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், "ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட லிஃப்ட் மாதிரியே இருக்கும்மா உன் பாட்டு" என்பார். பத்து வயது மகள் இன்னும் கறார். "அம்மா, இது பாட்டே இல்ல."

மகள் சொன்னது சரி. அது பாட்டில் கால் பங்கு. நான்கு குரல்கள் சேர்ந்து பாட வேண்டிய ஒரு பாட்டின் மூன்றாவது வரி. மற்ற மூன்றும் மேலும் கீழும் ஓடினால்தான் இது நிற்பதற்கு அர்த்தம் வரும். தனியாகப் பாடினால், யாரோ எதையோ மறந்துவிட்டு யோசிப்பது போல இருக்கும். பதினெட்டு வருஷமாக அவளிடம் இருந்தது அந்தக் கால் பங்குதான். மீதி முக்காலுக்காக அவள் ஏங்கிய ஏக்கத்தை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்தப் பாட்டுக்காக ஏங்க அவளுக்கு உரிமை இருக்கிறதா என்பதே அவளுக்குச் சந்தேகம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன், போன் வந்தது.

"அடித்தொண்டை?"

அந்தப் பெயரால் அவளைக் கூப்பிட்டவர்கள் உலகத்திலேயே இருபது பேர்தான். அப்போது அவள் கையில் இருந்தது ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருடைய கீழ்த்தாடை. மெழுகில் பல் பதித்துக்கொண்டிருந்தாள். நீதிபதியின் முன்பல் ஒன்று கோணிக்கொண்டது.

"குண்டூசியா?"

"பின்ன, வேற யாரு உன்னை இப்படிக் கூப்பிடப் போறாங்க?"

குண்டூசி அவளோடு பல்கலைக்கழகத்தில் படித்தவள். சேர்ந்திசைக் குழுவில் இரண்டாவது வரிக்காரி, மூன்று வருஷம் தோளோடு தோள் உரச நின்று பாடியவள். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும், அதனால் அந்தப் பெயர். இப்போது வக்கீலாக இருப்பதாகக் கேள்வி. பதினெட்டு வருஷமாக இவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு அவளிடம் ஒரு காரணமும் இருந்தது.

"குழுவை மறுபடியும் ஆரம்பிக்கிறோம். யுனிவர்சிட்டியில சரின்னுட்டாங்க. மாஸ்டரும் வரார். புதுப் பசங்க பதினோரு பேர் சேர்ந்திருக்காங்க. முதல் கச்சேரிக்குப் பழைய ஆளுங்க நாங்களும் கூட நிக்கறோம். ஆத்துப் பாட்டு பாடப் போறோம்."

"சரி."

"மூணாவது வரி யாருக்கும் தெரியலடி."

ஆற்றுப் பாட்டை, குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த மாஸ்டரே இயற்றினார். மற்ற மூன்று வரிகளையும் எழுதி வைத்தார். மூன்றாவதை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருந்ததால் கடைசிவரை எழுதவே இல்லை. வாயால் பாடிக் காட்டுவார், அந்த வரிசையில் நின்ற ஐந்து பெண்கள் தொண்டையில் வாங்கிக்கொள்வார்கள். ஐவரில் ஒருத்தி இறந்துவிட்டாள், மூன்று பேர் எங்கே என்று தெரியவில்லை. மாஸ்டருக்கு எழுபத்தாறு வயது, அவருக்கே அது மறந்துபோயிருந்தது.

"ஆறு ஞாயித்துக்கிழமை, காலையில ஒன்பது மணி. அதுக்கு அடுத்த சனிக்கிழமை கச்சேரி. பழசு எதையும் பேச வேண்டாம். வருவியா, மாட்..."

"வரேன்" என்றாள் அவள். குண்டூசி கேள்வியை முடிக்கக்கூட இல்லை.

அந்தப் பழசு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் 'காற்று' என்று பெயர். நாற்பது நாள் அவர்கள் குரல் இல்லை, வெறும் காற்று. ஒத்திகையில் வரிசையாக நிற்கலாம், வாயசைக்கலாம், சத்தம் மட்டும் வரக் கூடாது. நாற்காலி தூக்கலாம், சீனியர்களின் அங்கிக்கு இஸ்திரி போடலாம், வெந்நீர் கொண்டுவந்து கொடுக்கலாம். நாற்பதாம் நாளுக்குப் பெயர் 'குரல் கொடுக்கும் நாள்'. அன்று காலை ஒன்பது மணிக்கு மேடையின் பின்பக்கத்தில், ஆள் உயரத்துக்கு அடுக்கிய பலகைப் படியில், கனத்த அங்கியைப் போட்டுக்கொண்டு, முட்டியை மடக்காமல் நிற்க வேண்டும். தண்ணீர் கிடையாது. சீனியர்கள் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று மொத்த நிகழ்ச்சியையும் மூன்று முறை பாடுவார்கள். மூன்றாவது முறை ஆற்றுப் பாட்டின் கடைசிப் பகுதி வரும்போது எல்லாரும் ஒன்றாகத் திரும்பி, காற்றுகளின் முகத்தைப் பார்த்துப் பாடுவார்கள். அப்போதுதான் காற்றுகளும் வாய் திறந்து பாடலாம்.

அவளும் நின்றவள்தான். கால் மரத்து, கண் இருட்டி, நாலு மணி நேரம் நின்றாள். சீனியர்கள் திரும்பினார்கள். இருபது முகங்கள் அவளை மட்டும் பார்ப்பது போல இருந்தது. வாயைத் திறந்தபோது வந்த குரல் தன்னுடையதா பக்கத்தில் இருப்பவளுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவளும் குண்டூசியும் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்கள். அதற்கு முன்பும் பின்பும், கல்யாணம் பிரசவம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவள் ஓர் இடத்துக்கு அவ்வளவு சொந்தமாக இருந்ததே இல்லை. இதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் நான் புளுகுவதாக ஆகும். பட்ட பாடு எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் நியாயமாகிவிட்டது. அதனால்தான் அடுத்த வருஷம் வந்தவர்களை அதே படியில் ஏற்றியபோது அவளுக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. தனக்குக் கிடைத்ததை அவர்களுக்கும் தருவதாகவே நினைத்தாள். கெட்டவர்கள் செய்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். ஆசை ஆசையாகச் செய்கிறவர்களை என்ன செய்வது?

அந்தக் குழுவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. நீளமான இடங்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கக் கூடாது. ஒருத்தி மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவள் கொஞ்சம் கூட்டிப் பாடி அந்த இடத்தை நிரப்பிவிடுவாள். யாருக்காவது இருமல் வந்தாலும், குரல் உடைந்தாலும் அதேதான். கேட்கிறவருக்கு ஓட்டை தெரியக் கூடாது. தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வார்கள், அப்படி ஊறிப்போன பழக்கம்.

அவளுடைய மூன்றாம் வருஷத்தில், சுருட்டை முடி வைத்த ஒரு சின்னப் பெண் காய்ச்சலோடு வந்திருந்தாள். படி ஏறுவதற்கு முன் இவளிடம் வந்து, "அக்கா, எனக்குக் காலையிலேர்ந்து தலை சுத்துது" என்றாள்.

"எல்லாருக்கும் சுத்தும்டா கண்ணு. நாங்களும் நின்னோம்ல? கடைசியில பாரு, எல்லாம் பறந்துபோயிடும்."

அன்பாகத்தான் சொன்னாள். கன்னத்தைக்கூடத் தட்டிக் கொடுத்தாள்.

மூன்றாம் முறை பாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் இரண்டாம் வரிசையில் இரண்டு பேருக்குக் குரல் அறுந்தது. மற்றவர்கள் உடனே கூட்டிப் பாடி நிரப்பினார்கள். அவளும் நிரப்பினாள். நன்றாகவே நிரப்பினாள். அரை நிமிஷம் கழித்து, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பியபோதுதான் படியில் ஓர் ஆள் குறைவாக இருப்பது தெரிந்தது.

சுருட்டைமுடிக்காரி பிழைத்தாள். இடது காது மட்டும் கேட்காமல் போயிற்று. விசாரணை வந்தது. திரைச்சீலையைச் சரி செய்வதற்காக அவளே தனியாக ஏறி விழுந்தாள் என்று பத்தொன்பது பேர் ஒரே சுருதியில் சொன்னார்கள். இருபதாவது ஆள் உண்மையைச் சொன்னாள். நாற்பது நாளையும் சொன்னாள், நாலு மணி நேரத்தையும் சொன்னாள், கன்னத்தைத் தட்டியதையும் விடாமல் சொன்னாள். குழுவைக் கலைத்தார்கள். மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பினார்கள். குண்டூசி உட்பட ஐந்து பேருக்கு ஒரு வருஷப் படிப்பு போயிற்று. இவளுக்கும் போயிற்று.

விசாரணை முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று போனாள். தலையில் கட்டோடு படுத்திருந்த சுருட்டைமுடிக்காரி இவளைப் பேசவே விடவில்லை. கேட்கிற காதை இவள் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அக்கா, நான் பாடற இடம் வந்துச்சா?"

அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவும் இவளுக்குத் தைரியம் வரவில்லை. சுருட்டைமுடிக்காரியை நினைத்து இவள் பதினெட்டு வருஷம் உருகினாள் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். நினைத்தாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உருகியது பாட்டுக்குத்தான். தன்னை வேண்டாம் என்று தள்ளிய அந்தப் பத்தொன்பது பேருக்கு நடுவில் இன்னும் ஒரே ஒரு தடவை நின்று வாய் திறக்க வேண்டும் என்று உருகினாள். அதை நினைத்தால் அவளுக்கே கூச்சமாக இருக்கும். கூச்சமாக இருந்தால் ஏக்கம் குறைந்துவிடுமா என்ன?

கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"மரியாதையா நடத்துவாங்களா?"

"தெரியலங்க."

"போயிட்டு வா. லிஃப்ட் எந்த மாடிக்குத்தான் போகுதுன்னு எங்களுக்கும் தெரியட்டும்."

முதல் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே போய்விட்டாள். அதே நீளமான கூடம், அதே உயர்ந்த ஜன்னல்கள், மேடைக்குப் பின்னால் அதே பலகைப் படி. சுவரில் மட்டும் புதிதாக ஒரு பலகை தொங்கியது. ராகிங் குற்றம், புகார் செய்ய இந்த எண்ணை அழைக்கவும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. பழைய ஆட்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். சிலர் தலையசைத்தார்கள், சிலர் ஜன்னலைப் பார்த்தார்கள். மாஸ்டர் கைத்தடியோடு வந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வரி இருக்கா?"

"இருக்கு, மாஸ்டர்."

"நில்லு, போ."

குண்டூசி நகர்ந்து இடம் விட்டாள். அவ்வளவுதான் வரவேற்பு.

பாட்டு ஆரம்பித்தது. முதல் இரண்டு வரிகள் கிளம்பின, கீழிருந்து ஆண்குரல் வந்து சேர்ந்தது, அவள் தன்னுடைய வரியை எடுத்து நடுவில் வைத்தாள். பதினெட்டு வருஷமாக அநாதையாகத் திரிந்த அந்த முனகலை மற்ற மூன்றும் வந்து நாலு பக்கமும் பிடித்துக்கொண்டன. வரி நிற்கிற இடத்தில் நின்றாள், மேலே ஆறு ஓடியது. மூச்சு வாங்க வேண்டிய இடம் வந்தபோது, சொல்லாமல் கேட்காமல், பக்கத்தில் குண்டூசியின் குரல் கொஞ்சம் கூடியது. இவளுக்காகக் கூடியது! மனசு மறந்தாலும் தொண்டை மறக்கவில்லை. அவள் கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை, துடைத்தால் ஒரு தாளம் போய்விடும்.

பாட்டு முடிந்து திரும்பியபோதுதான் பின்னால் நின்ற பதினோரு பேரைச் சரியாகப் பார்த்தாள். பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பிள்ளைகள். ஒருவர் குரலையும் அவள் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

"இவங்க ஏன் பாடல?"

"காத்து" என்றாள் குண்டூசி, வெந்நீரைக் குடித்துக்கொண்டே.

அவள் திரும்பி, மேடைக்குப் பின்னால் இருந்த பலகைப் படியைப் பார்த்தாள்.

"அடி உதை இல்ல, அங்கிக்கு இஸ்திரி இல்ல, ஒண்ணும் இல்ல. நாப்பது நாள் சும்மா வாயசைக்கிறாங்க. அமைதியா இருந்து யாருக்காவது அடிபட்டிருக்கா? விருப்பப்பட்டுத்தான் இருக்கோம்னு ஒவ்வொருத்தரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. படிவம் நான்தான் எழுதினேன்."

சரி என்று தலையாட்டிவிட்டாள். ஆமாம், ஆட்டினாள். அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம் என்று நீங்களும் நானும் சொல்லலாம். நமக்கென்ன, நாம் பதினெட்டு வருஷம் காத்திருந்துவிட்டா வந்து நிற்கிறோம்? வெறும் வாயசைப்புதானே என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று சாயங்காலம் பாத்திரம் தேய்க்கும்போது அவள் முனகவே இல்லை. மகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது ஞாயிறு, மூன்றாவது ஞாயிறு. குண்டூசி தன் மகனுடைய பல்லுக்குக் கம்பி போடுவதைப் பற்றிக் கேட்டாள். நாலாவது ஞாயிறு மாஸ்டர், "மூணாவது வரிசை நல்லா இருந்துச்சு" என்றார், யாரையும் பார்க்காமல். மூன்றாவது வரிசையில் அவள் ஒருத்திதான் இருந்தாள். அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டினாள். ஐந்தாவது ஞாயிறு, குண்டூசி போகும்போது தோளில் ஒரு தட்டு தட்டி, "அடுத்த வாரம் அங்கியோட வா" என்றாள்.

"எதுக்கு? கச்சேரிக்கு இன்னும் நாள் இருக்கே."

"குரல் குடுக்க வேண்டாமா?"

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஒரே ஒரு மணி நேரம்டி. தண்ணி கிட்டயே இருக்கும். படிக்குக் கீழ மெத்தை போட்டாச்சு. தலை சுத்தினா உக்காந்துக்கலாம்னு படிவத்துலயே எழுதியிருக்கு. அன்னைக்கு நடந்தது நடக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவும் பண்ணியிருக்கேன். நானும் ஒரு பொண்ணு விழுந்து கிடந்ததைப் பார்த்தவதானே?" குண்டூசியின் குரல் சட்டென்று தழைந்தது. "அதைப் புடுங்கிட்டா அப்புறம் என்னடி இருக்கு? வந்தான், பாடினான், போனான்னு ஆயிடும். நமக்குக் கிடைச்சது இந்தப் பசங்களுக்கும் கிடைக்க வேண்டாமா?"

அந்த வாரம் முழுக்க அவள் பல்லைப் பல்லாகப் பார்க்கவில்லை. முதலாளி இரண்டு செட்டைத் திருப்பிக் கொடுத்தார். சுவரில் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் போட்டால் போதும், திங்கட்கிழமையே குழு கலைந்துவிடும். மாஸ்டருக்கு இன்னொரு குழு பார்க்க ஆயுசு இல்லை. குண்டூசி இன்னொரு பதினெட்டு வருஷம் பேச மாட்டாள். இவளுக்கும் இனி மோட்டார்தான் துணை. போனை எடுத்தாள், வைத்தாள். ஒரு மணி நேரம்தானே என்றாள். மெத்தைதான் போட்டிருக்கிறார்களே என்றாள். கடைசியில் குழுவின் அங்கியை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

ஆறாவது ஞாயிறு நல்ல வெயில். பதினோரு பேரும் பலகைப் படியில் ஏறி நின்றார்கள், சீனியர்கள் முதுகைக் காட்டி முன்னால் நின்றார்கள். ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்தது. மாஸ்டருக்கு இரண்டாவது பாட்டு பிடிக்கவில்லை, திரும்ப எடுத்தார். நாலாவதையும் திரும்ப எடுத்தார். பத்தரை ஆயிற்று, பதினொன்றைத் தாண்டிற்று. தண்ணீர் கிட்டத்தான் இருந்தது, யாரும் இறங்கி வந்து குடிக்கவில்லை. மூன்றாம் முறையாக ஆற்றுப் பாட்டைத் தொடங்கியபோது அவளுக்கு முதுகெல்லாம் காதாக இருந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது, விழும் வரைக்கும்.

பாடுகிறவர்கள், திரும்ப வேண்டிய இடம் வருமுன் திரும்பக் கூடாது. அவள் திரும்பினாள்.

படியில் வலது ஓரத்தில் ஒரு நெட்டைப் பெண் நின்றாள். உதடு வெளுத்திருந்தது, உடம்பு முன்னும் பின்னும் லேசாக ஆடியது. பக்கத்தில் நின்ற பையன் அங்கியின் மடிப்புக்குள் கையை விட்டு, யாருக்கும் தெரியாமல் அவள் முழங்கையைப் பிடித்திருந்தான்.

"உக்காருங்க" என்றாள் அவள்.

வரிசையில் அவள் குரல் நின்றதும் பக்கத்தில் குண்டூசி கூட்டிப் பாடினாள். பாட்டு நிற்கவில்லை.

"உக்காரும்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நெட்டைப் பெண் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. அவள் கண்ணில் பயம் இருந்திருந்தால் இவளுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். கண்ணில் இருந்தது ஆசை. இன்னும் பத்து நிமிஷம் நின்றுவிட்டால் எல்லாரும் திரும்புவார்கள், தனக்கும் குரல் கிடைத்துவிடும், இப்போது போய் உட்காருவதா என்கிற ஆசை. இவளுக்கு அது நன்றாகத் தெரிந்த ஆசை. ஆறு வாரமாக இவளும் அந்தப் படியில்தானே நின்றுகொண்டிருக்கிறாள், சேர்த்துக்கொள்வார்களா என்று?

வெளுத்த அந்த உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. அவள் உற்றுப் பார்த்தாள். மேலே போவது போலக் கிளம்பி, போகாமல் நின்று, ஒரு படி இறங்கி. மூன்றாவது வரி. ஆறு வாரமாக இவள் முதுகுக்குப் பின்னால் நின்று அந்தப் பெண் ஒரு எழுத்து விடாமல் வாங்கி வைத்திருந்தாள். அவளோடு இன்னும் மூன்று பெண்களின் உதட்டிலும் அதே வரி இருந்தது.

இவள் பலகைப் படியில் ஏறினாள். அங்கி தடுக்கியது, தூக்கிச் செருகிக்கொண்டாள். நெட்டைப் பெண்ணின் முன்னால், முகத்துக்கு முகம் நின்றாள்.

"பாடு."

அந்தப் பெண் மிரண்டுபோய் இவள் தோளுக்கு மேலே மாஸ்டரைப் பார்த்தாள்.

"அவரை ஏன் பாக்கற? உன் தொண்டை அவர்கிட்டயா இருக்கு? உக்காந்துக்கிட்டே பாடு. சத்தமா!"

சொல்லிவிட்டு வரியை எடுத்தாள். கையைப் பிடித்து இழுத்து அந்தப் பெண்ணைப் பலகையில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து பாடினாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு கரகரவென்று ஏதோ வந்தது. நாற்பது நாள் பூட்டிக் கிடந்த குரல், துரு உதிர்ந்து வெளியே வந்து, சரியாகப் போய் இடத்தில் உட்கார்ந்தது. முழங்கையைப் பிடித்திருந்த பையன் சிரித்துவிட்டான், அப்புறம் அவனும் தன் வரியைப் பாடினான். அதற்குப் பிறகு யாரைப் பிடித்து நிறுத்துவது? பதினோரு பேரும் பாடினார்கள். சிலர் உட்கார்ந்துகொண்டு பாடினார்கள், ஒருத்தி இறங்கி வந்து தண்ணீரை மடக் மடக் என்று குடித்துவிட்டு, தன் இடம் வந்ததும் குவளையும் கையுமாகப் பாடினாள்.

மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. நிறுத்தச் சொல்லித்தான் தூக்கினார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் அந்த மனுஷனுக்குக் காது என்று ஒன்று இருந்ததே. அவர் எழுதாமல் விட்ட வரி ஐந்து குரலில் வந்துகொண்டிருந்தது. கை மெல்லக் கீழே இறங்கி, தாளத்தில் சேர்ந்துகொண்டது.

திரும்ப வேண்டிய இடம் வந்தபோது சீனியர்கள் திரும்பினார்கள். அவர்கள் கொடுக்க வந்ததை அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

குண்டூசி வெளியே நடைவழியில் அவளைப் பிடித்தாள். அங்கியைக் கழற்றாமலே வந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"ஏண்டி இப்படிப் பண்ணின? ஏண்டி? பத்தே நிமிஷம்! அதுக்குள்ள உனக்கு என்ன கேடு வந்துச்சு?"

"அந்தப் பொண்ணு ஆடினா."

"மெத்தை போட்டிருந்தேனே!"

"விழட்டும்னா மெத்தை போட்ட?"

உள்ளே பிள்ளைகள் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. யாரோ ஒருவன் ஆற்றுப் பாட்டைத் தப்புத் தாளத்தில் பாடிக் காட்டினான்.

"இனிமே யாரையாவது படியில நிக்க வச்சா நான் போய்ச் சொல்லுவேன்" என்றாள் அவள். "முன்னாடி சொன்ன மாதிரியே சொல்லுவேன். உன் படிவத்தையும் சேர்த்துக் குடுப்பேன்."

"தெரியும். உன்னைத் தெரியாதா எனக்கு?" குண்டூசி முகத்தை அங்கியின் கையால் துடைத்துக்கொண்டாள். வக்கீல் குரல் திரும்பி வந்துவிட்டது. "இனி நிக்க வச்சு என்ன பிரயோஜனம், எல்லாத்தையும்தான் வாரிக் குடுத்துட்டியே. மாஸ்டர் ஒண்ணு சொல்லச் சொன்னார். உன் வரி இப்ப நாலு பேருக்குத் தெரியும்."

"ஆமா. நல்லாவே பாடறாங்க."

"அதனால சனிக்கிழமை நீ வர வேண்டியதில்ல."

எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தால் மட்டும் வலிக்காமல் இருந்துவிடுமா? அவள் அங்கியைக் கழற்றினாள். மெதுவாக, ஓரத்துக்கு ஓரம் சேர்த்து, நாலாக மடித்து, குண்டூசியின் கையில் கொடுத்தாள். குண்டூசி அதை வாங்கிக்கொண்டு, போகாமல் நின்றாள். இவளும் போகவில்லை. ரோஷம் உள்ளவளாக இருந்தால் அப்படியே திரும்பி நடந்திருப்பாள். இவள் ரோஷத்தைப் பார்க்கவில்லை.

"கேக்கவாவது வரலாமா?"

குண்டூசி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "டிக்கெட் வாங்கிட்டு யாரு வேணா வரலாம்."

"எங்க குடுக்கறாங்க?" என்றாள் அவள்.